எடு என்றுதான் சொன்னாள்

தொட்டையன் குடிக்கமாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் மாளய அமாவாசை வந்தால் அவன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, கறிக்குழம்பும் வடையும் வைத்து, பக்கத்திலேயே ஒரு குவார்ட்டர் பாட்டிலையும் வைத்துவிடுகிறார்கள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பதை மைசூரில் எடெ வைப்பது என்பார்கள். பீடி பிடித்தவருக்குப் பீடி, வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை. தொட்டையனுக்குப் பிடித்தது மண்டி மொஹல்லா சந்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் போடுகிற சமோசா. அதை வாங்கி வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாட்டிலை வைக்கிறவர் அவன் அண்ணன் உதயகுமார். கெட்ட மனிதர் இல்லை, தம்பிமேல் உயிராக இருந்தவர்தான். தம்பி குடித்துவிட்டுக் குழியில் இறங்கிச் செத்தான் என்று ஊர் சொன்னது. அவரும் நம்பினார். அவன் ஆசைப்பட்டதாயிற்றே என்று வைத்தார்.

தொட்டையனின் பெண்டாட்டி பழனாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷம் இல்லை, நாலு வருஷம். அவன் குடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் புருஷன் பேர் மிஞ்சும், தொழில் போகும். திறக்காவிட்டால் தொழில் மிஞ்சும், புருஷன் குடிகாரனாகவே இருந்துவிட்டுப் போவான். அவள் திறக்கவில்லை. பாவி என்று திட்டத் தோன்றும், தோன்றட்டும். திட்டுவதற்கு முன்னால் அது என்ன தொழில் என்று தெரிந்துகொள்வது நல்லது.

அவளுக்குச் சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம், எல்லையோரத்தில் தமிழ் பேசுகிற ராமாபுரம். கல்யாணமான கையோடு மைசூருக்கு வந்து சித்தாள் வேலைக்குப் போனாள். நாற்பது கக்கூஸ் வரப்போகிற அடுக்குமாடிக்குக் கல் சுமப்பாள், அவளுக்கு ஒதுங்க ஒரு மறைப்புக்கூட இருக்காது. காலையில் இருட்டோடு போய்விட்டு வந்தால் மறுபடி இருட்டின பிறகுதான். அதற்குப் பயந்து பொம்பளைகள் பகலெல்லாம் தண்ணீரைத் தொடமாட்டார்கள். அப்படி ஒரு சித்திரை வெயிலில், தலையில் கலவைச் சட்டியோடு பழனாத்தாள் விழுந்தாள். நீர்க்கடுப்பு முற்றிச் சிறுநீரகம்வரை போயிருந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலிலும் அதே நோய்க்காரி, எதிர்க் கட்டிலிலும் அதே. "சோறு இல்லாமச் செத்தா ஊரு அழுவுமுங்க, இதுக்குச் செத்தா வெளிய சொல்லவே கூசும்" என்று பின்னாளில் சொல்வாள்.

எழுந்து வந்தவள் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து இரட்டைக் குழிக் கக்கூஸ் கட்டக் கற்றுக்கொண்டாள். பிறகு பன்னூர் ரோட்டோரம் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்குப் பிடித்து, கிணற்றுக்கு இறக்குவதுபோன்ற சிமெண்ட் உறைகளையும் அவற்றுக்கு மூடிகளையும் தானே வார்க்க ஆரம்பித்தாள். பாதாளச் சாக்கடை எட்டாத புது லேஅவுட்டுகள் ஊரைச் சுற்றி முளைத்துக்கொண்டிருந்தன. அங்கே இருக்கிற வீடுகளுக்கு இதுதான் தோது. விஷயம் ரொம்பச் சுலபம். வீட்டுக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி. ஒன்று சாப்பிடும், மற்றது தூங்கும். நடுவில் இருக்கிற சின்னப் பெட்டியில் ஒரு வாயைச் செங்கல்லால் அடைத்திருப்பார்கள். ஒரு குழி நிறைந்ததும் செங்கல்லை மாற்றி வைத்தால் அது தூங்கப் போகும். இரண்டு வருஷம் தூங்கி எழுந்தால் அதற்குள் இருப்பது மலம் இல்லை, மண். லாரி வேண்டாம், இறங்கி அள்ள ஒரு மனுஷனைத் தேட வேண்டாம்.

இதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் பழனாத்தாள் ஒரு வேலை செய்வாள். தூங்கி முடித்த குழியைத் திறந்து, வெறுங்காலோடு உள்ளே இறங்கி நின்று, கை நிறைய அள்ளித் தானே மோந்து பார்ப்பாள். பிறகு சுற்றி நிற்கிற பெண்களிடம் நீட்டுவாள். "மோந்து பாருங்கம்மிணி, நாறுனா என்ற மூஞ்சியிலயே போடுங்க." முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர்கள் மெதுவாகப் பொத்தலை எடுப்பார்கள். அந்த ஒரு கைப்பிடி மண்ணில்தான் அவள் தொழில் நின்றது. நூற்றிருபது வீடு கட்டினாள். 'எங்க குழியில எறங்குன மனுஷன் எவனும் செத்ததில்ல' என்பது அவளுடைய ஒரே விளம்பரம்.

குழிக்குக் கன்னடத்தில் குண்டி என்று பேர். அக்கம்பக்கத்துக் கன்னடக்காரர்கள் அவளை மரியாதையாக 'குண்டியம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ராமாபுரத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். இரண்டு பாஷைக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிற வீட்டில் இதெல்லாம் சகஜம். தொட்டையன் பிறந்தது ராமாபுரம் ஆனாலும் சின்ன வயசிலேயே மைசூருக்கு வந்துவிட்டவன், அவனுக்குக் காதும் வாயும் கன்னடம். மகள் மனிஷாவுக்கு அப்பா காது. இவள் தமிழில் திட்டுவாள், அவர்கள் கன்னடத்தில் பதில் சொல்வார்கள், சோறு மட்டும் பொது.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் மூன்று பேருக்கும் கன்னடம்தான். தொட்டையன் சரக்கு ஆட்டோவில் உறைகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவான். எந்த வீட்டில் எந்தக் குழி என்பதை எட, பல என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். எட என்றால் இடது, பல என்றால் வலது. வீட்டின் கொல்லை வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் எடமும் பலமும் என்பதுவரை தீர்மானித்து வைத்திருந்தாள். அவ்வளவு ஜாக்கிரதைக்காரி.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில், கொளத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த அவளுடைய அக்கா செத்துப்போனாள். பழனாத்தாள் மாநில எல்லையான பாலாற்றைத் தாண்டித் துக்கத்துக்குப் போனாள். மூன்றாம் நாள் காரியம் முடிந்து புறப்படுவதற்குள் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். பாலாறு சோதனைச் சாவடியில் தடுப்பு இறங்கியது. இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் புருஷனும் பதினைந்து வயசு மகளும். ஒரு வாரம் என்றார்கள், நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. அக்கா வீட்டில் அத்தனை நாளும் தமிழைத் தவிர வேறு பேச்சு காதில் விழவில்லை.

மே மாதத்தில், பன்னூர் ரோட்டு லேஅவுட்டில் இருக்கிற மாதேவி தொட்டையனுக்குப் போன் பண்ணினாள். ஊரடங்குக்காகக் குடும்பத்தோடு கிராமத்துக்குப் போய் இருந்தவள், மறுநாள் ஒன்பது பேரோடு திரும்பி வருகிறாள். ஓடிக்கொண்டிருந்த குழி நிறைகிற கட்டத்தில் இருந்தது. தூங்கி முடித்த குழியைக் காலி பண்ணிச் செங்கல்லை மாற்றி வைத்தால்தான் வீட்டில் கக்கூஸ் ஓடும். கொத்து வேலைக்காரர்கள் ஒருத்தரும் ஊரில் இல்லை. நானே செய்துவிடுகிறேன், தூங்கின குழிதானே, மண்ணுதானே என்றான் தொட்டையன். எந்தக் குழி என்று கேட்கப் பெண்டாட்டிக்குப் போன் போட்டான்.

கொளத்தூரில் அந்த வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பழனாத்தாள் போனை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"மாதேவி மனெ. யாவ குண்டி? எடனா, பலனா?"

பல என்று சொல்லியிருக்க வேண்டும். பத்து வருஷமாகச் சொன்ன சொல். நாற்பது நாளில் நாக்கு திரும்பிவிட்டிருந்தது.

"வலத்த எடு" என்றாள்.

"ஏனு? கேளிஸ்தில்ல." சரியாகக் கேட்கவில்லையாம்.

"வலத்த, எடு."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவன் குரல் வந்தது. "எடனா?"

எடுக்கட்டுமா என்று கேட்பதாகத்தான் அவள் காதில் விழுந்தது. "ஆமா மாமா, எடு எடு" என்றாள். போன் அறுந்தது.

மறுபடி கூப்பிட அவளுக்குத் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று கீழே இறங்கி வந்து, துவைத்த துணியை உலர்த்தினாள். அது அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. துணி ஓடியா போகும்?

அவன் இடது குழியைத் திறந்தான். அதுதான் ஓடிக்கொண்டிருந்த குழி. நாற்பது நாள் ஆள் புழங்காமல், மே மாத வெயிலில் மேலே பாளமாகக் காய்ந்து மண் மாதிரியே இருந்திருக்கிறது. பெண்டாட்டி நூறு தடவை வெறுங்காலோடு இறங்கி நின்றதைப் பார்த்தவன்தானே. மண்வெட்டியோடு இறங்கினான். பாளம் உடைந்தது. அடியில் அடைந்து கிடந்த காற்று ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிட்டது. ஆழம் ஆறடிகூட இல்லை.

பழனாத்தாள் பாலாறு சாவடியில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்கார்ந்திருந்தாள். பாஸ் இல்லாமல் விடமாட்டோம் என்றார்கள். சாவு என்று சொன்னாள். எல்லாரும் சாவு என்றுதான் சொல்கிறார்கள் என்றார்கள். பாஸ் வாங்கி அவள் மைசூருக்கு வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள். உதயகுமார் தம்பியை அடக்கம் பண்ணி முடித்திருந்தார். மனிஷா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், அம்மா வந்தும் திரும்பவில்லை.

அன்று மத்தியானமே பழனாத்தாள் மாதேவி வீட்டுக் கொல்லைக்குப் போனாள். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இடதுபக்க மூடி திறந்து கிடந்தது. வலதுபக்க மூடியில் அவள் பூசிய சிமெண்ட் கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. வலது என்றுதானே சொன்னேன் என்று ஒரு கணம் அவன்மேல் கோபம் வந்தது. வந்த கோபம் பாதியில் நின்றது. எடனா? எடு எடு. அந்த இரண்டு சொல்லும் அப்போதுதான் அவளுக்கு அவன் காதால் கேட்டன. கிராமத்தில் கிழவிகள் சொல்கிற மாதிரி சோத்தாங்கைப் பக்கம் என்று சொல்லியிருந்தால்கூட அவன் பிழைத்திருப்பான். குழியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூட வந்திருந்தவன் சேகரன். பஞ்சாயத்து வேலைகளை அவளுக்குப் பிடித்துக்கொடுக்கிறவன். குனிந்து மெதுவாகப் பேசினான். "அக்கா, இப்பத்தான் பிராந்திக் கடையெல்லாம் தெறந்தாங்க. நாப்பது நாள் கழிச்சுக் குடிச்சிட்டு எறங்கிட்டாருன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. அப்படியே இருக்கட்டும் விடுங்க. குழியால செத்தாருன்னு ஆச்சுன்னா, அந்த நூத்திருபது வீட்டுக்காரனும் நாளைக்கே மண்ணைத் தள்ளி மூடிருவான். பொம்பளைங்க மறுபடி புதருக்குத்தான் போவணும்."

விசாரித்து எழுதிக்கொண்டு போக வந்த அதிகாரிகள் குடிப்பாரா என்று கேட்டபோது பழனாத்தாள் தலையை அசைத்தாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். சொல்லாமல் விழுங்கினதும் அப்படித்தான்.

தொழில் நிலைத்தது. ஊரடங்குக்குப் பிறகு இன்னும் எண்பது வீடு கட்டினாள். கட்டட வேலை நடக்கிற இடங்களில் பெண்களுக்கு வாடகைக் கக்கூஸ் வைத்தாள். ஒரு மேடையில் சால்வை போட்டார்கள், கூசிப்போய் வாங்கிக்கொண்டாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். குழியில் இறங்கி மண்ணை அள்ளிக் காட்டுவதை. இப்போதெல்லாம் நீளக் கம்பியில் கட்டிய வாளியால் வெளியிலிருந்தே எடுக்கிறாள். மூடிகளில் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை அடிக்கிறாள். எடமும் பலமும் அவள் வாயில் வருவதில்லை.

மனிஷா டிப்ளமோ படித்து முடித்து அம்மாவோடேயே உறை வார்க்க வந்துவிட்டாள். அப்பாவைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். எடெ வைக்கிற நாளில் படத்துக்கு முன்னால் வரமாட்டாள், பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். குடிகார அப்பன் என்று வெறுக்கிறாள் போலிருக்கிறது என்று பழனாத்தாள் நினைத்தாள். அந்த நினைப்புத்தான் அவளை உள்ளே அரித்தது. ஊர் என்னவோ நினைக்கட்டும், ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. பெற்ற மகள் அல்லவா?

ஐந்தாவது அமாவாசை வந்தது. அந்த வருஷம் விருந்துக்குப் புது ஆள் ஒருத்தி, பஞ்சாயத்துத் தலைவி சொர்ணலதா. அவள் ஊரில் அறுபது வீட்டுக்குக் கக்கூஸ் கட்ட வேண்டும், இன்னும் இரண்டு நாளில் கையெழுத்து. சேகரன்தான் அழைத்து வந்திருந்தான். இலை விரித்தாயிற்று. உதயகுமார் வழக்கம்போலப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மனிஷா, இங்க வாம்மா. வயசுக்கு வந்த பொண்ணு நீ. எத்தன நாளைக்கு அப்பன்மேல கோவிச்சிக்குவ? குடிச்சாலும் அவன் உன் அப்பன். இன்னிக்கு நீயே ஒரு கிளாஸ் ஊத்தி வை."

மனிஷா வந்தாள். ஈரக்கையைத் துடைக்காமலே பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். பாட்டில் வழுக்கி, ஊற்றினது பாதி கிளாசிலும் பாதி இலையிலுமாக வழிந்தது, சோற்றை நனைத்தது.

பழனாத்தாளுக்கு அதற்குமேல் முடியவில்லை.

"உங்க தம்பி குடிக்கலீங்க" என்றாள். உதயகுமாரைப் பார்த்துத்தான் சொன்னாள். "அவிய ஒரு நாளும் குடிச்சதில்ல. எந்தக் குழின்னு என்னையத்தான் கேட்டாங்க. வலத்த எடுன்னு தமிழ்ல சொன்னன். அவியளுக்கு எடன்னு கேட்டுருச்சு. எடனான்னு கேட்டாங்க, நான் எடு எடுன்னு சொன்னன். என்ற வாயிதானுங்க அவியளைக் குழிக்குள்ள எறக்குச்சு. தெரிஞ்சேதான் நாலு வருசம் உங்க தம்பியக் குடிகாரனாக்கி வச்சிருந்தன்."

சேகரன் தலையைக் குனிந்துகொண்டான். சொர்ணலதா கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த அறுபது வீடு பழனாத்தாளுக்குக் கிடைக்கவில்லை, அதை இங்கேயே சொல்லிவிடலாம். உதயகுமார் மட்டும் படத்தைப் பார்த்து, "குடிக்கலையாடா?" என்று உயிரோடு இருக்கிறவனைக் கேட்பதுபோலக் கேட்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மனிஷா பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"அப்பாக்குக் கேக்கலம்மா" என்றாள். "ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. நான் பக்கத்துலயே இருந்தேன். நீ சொன்னது வெட்டி வெட்டி வந்துச்சு. அம்மா ஏனு ஹேள்தாரே, என்ன சொல்றாங்கன்னு அப்பா என்னக் கேட்டாரு. வலத்தங்கறது எனக்கு அல்லன்னு கேட்டுச்சு, அல்ல, எட அந்தென்னு நான்தா சொன்னேன். பல இல்ல, எடன்னு நீ சொல்றேன்னு நெனச்சேன். அவருக்கு நம்பிக்கை இல்ல, அதான் திரும்பி எடனான்னு உன்னக் கேட்டாரு. நீ ஆமான்னுட்ட." மூச்சு வாங்கினாள். "குடிச்சிட்டாருன்னு எல்லாரும் சொன்னப்ப நானும் சும்மா இருந்துட்டேன். நீயும் அதத்தான் நம்பறேன்னு நெனச்சேன்."

நாலு வருஷம். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒருத்தி கொல்லையில் உட்கார்ந்து அழுதாள், ஒருத்தி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதாள். இரண்டு பேரும் ஒரே சொல்லை வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி தெரியாமல் அவனைக் குடிகாரனாக்கியிருந்தார்கள். பழனாத்தாள் மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை. அழவும் இல்லை. இலையில் வழிந்த பிராந்தி வடைக்கடியில் தேங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டிலைக் காட்டினாள்.

"கண்ணு, அத எடு."

மனிஷா அம்மாவின் வாயையே பார்த்தாள். "எடுக்கறதா?" என்று கேட்டாள்.

"எடு."

மனிஷா பாட்டிலையும் கிளாசையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.